சிம்பல் விழுந்தது தலையில் அல்ல

2014ல் வந்த 'விப்லாஷ்' படத்தைப் பார்த்துவிட்டு, "வாத்தியார்னா இப்படித்தான் இருக்கணும்" என்று சிலாகிப்பவர்கள் ஏராளம். மாணவன் மேல் நாற்காலியை வீசும் அந்த ஜாஸ் ஆசிரியர் அதற்கொரு நியாயமும் சொல்வார்: டிரம்மர் ஜோ ஜோன்ஸ் தலையைப் பார்த்து சிம்பலை எறிந்ததால்தான் சார்லி பார்க்கர் மேதையானாராம்.

சுத்தப் புருடா! 1936ல் கான்சாஸ் சிட்டியில், சாக்ஸபோனில் தடுமாறிய பையனின் காலடியில்தான் சிம்பல் விழுந்தது. 'போதும், இறங்கு' என்று அர்த்தம், அவ்வளவே. பார்க்கரை ஆளாக்கியது 1937 கோடையில் ஓசார்க் மலைப்பகுதியில் அவர் செய்த அசுர சாதகம்; லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாசித்த உழைப்பு.

அவமானம் யாருக்கும் விரல் பழக்காது. அதே படத்தில் அந்த ஆசிரியரின் பழைய மாணவன் தூக்குப் போட்டுச் சாகிறான். சிலாகிப்பவர்களுக்கு அது மட்டும் எப்படி மறந்துபோகிறது?