மாறாமல் இருக்க வேண்டிய ஒரே ஆள்

போன வாரம் தருமபுரி பேருந்து நிலையத்தில் சேலம் பேருந்துக்காக நின்றிருந்தேன். தலை நரைத்த ஒருவர் நேரே வந்து, "சார், அடையாளம் தெரியுதா?" என்றார். ஓய்வு பெற்ற வாத்தியார்களுக்கு இது அடிக்கடி வரும் பரீட்சை. முகம் பிடிபடவில்லை. ஆனால் இடது காலைச் சற்று முன்னே வைத்து அவர் நின்ற நிலை காட்டிக்கொடுத்துவிட்டது. 1980களின் நடுவில் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் நான் உடற்கல்வி இயக்குநராக இருந்தபோது எங்கள் கால்பந்து அணியின் லெஃப்ட் அவுட்!

டீக்கடைக்குப் போனோம். பழைய கதையெல்லாம் பேசிவிட்டுச் சாதாரணமாக ஒன்று சொன்னார்: "நீங்க மாறுதல்ல போன அடுத்த வருஷமே டீம் கலைஞ்சு போச்சு சார். கோல் போஸ்ட்டைக்கூடப் பிடுங்கி ஓரமாப் போட்டுட்டாங்க."

குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் டீ எனக்கு இறங்கவில்லை. ஏனென்றால் அந்த மாறுதலை யாரும் என் மேல் திணிக்கவில்லை. சொந்த ஊருக்குப் பக்கம் வேண்டும் என்று நானே மனுப் போட்டு, நாலு பேரைப் பார்த்து வாங்கியது. அந்த அணியை உருவாக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. விட்டுவிட்டு வர ஒரு நாள் போதுமாக இருந்தது.

அன்று இரவு சையத் அப்துல் ரஹீம் நினைவுக்கு வந்தார். 2024ல் வந்த 'மைதான்' இந்திப் படத்தில் அஜய் தேவ்கன் நடித்தாரே, அவருடைய கதைதான். படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

ரஹீம் ஹைதராபாத்காரர். 1909ல் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது கால்பந்து ஆடியவர். பிறகு பள்ளிக்கூட ஆசிரியர் ஆனார். 1940களில் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சியைக் கையில் எடுத்தார். 1963ல் இறக்கும்வரை அந்த ஊரின் கால்பந்தை அவர் விடவில்லை. ஏறக்குறைய இருபது வருடம்! 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை அந்தப் போலீஸ் அணி வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் கோலோச்சிய காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

அவர் செய்த வேலைகளைக் கேளுங்கள். பலமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி நடத்தினார். பந்தை உருட்டிக்கொண்டே ஓடக் கூடாது, உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி. இதெல்லாம் இந்த வருடக் கோப்பைக்குச் செய்கிற காரியமா? ஐந்தாறு வருடம் கழித்து வரப்போகும் பையனுக்காகச் செய்வது. அதுவரை நாம் இங்கே இருப்போம் என்ற நம்பிக்கை உள்ளவனுக்குத்தான் இது தோன்றும்.

செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பையன், துளசிதாஸ் பலராம். ரஹீமின் கண்ணில் பட்டான். பயிற்சிக்கு வந்து போக வழியில்லை என்றதும் சைக்கிளுக்குத் தன் காசைக் கொடுத்து வரவழைத்தார் ரஹீம். அந்தப் பையன் 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக்கில் ஆடினான்.

இந்திய அணிக்கும் ரஹீம்தான் குரு. நடுவே சில போட்டிகளுக்கு வேறு பயிற்சியாளர்கள் வந்ததுண்டு. 1951ல் டெல்லி ஆசியப் போட்டியில் தங்கம். அடுத்த வருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை! நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. இன்றைக்கு அப்படித் தோற்றால் மறுநாளே பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரஹீமுக்கு மறு வாய்ப்புக் கிடைத்தது. 1956ல் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனோம். ஆசியாவிலிருந்து அங்கே போன முதல் நாடு நாம்தான். 1962 ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்றோம். அதே கொரியாவை இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்று தங்கம் வாங்கினோம். அப்போதே ரஹீமைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. 1963 ஜூனில் காலமானார். அதற்குப் பிறகு ஆசியப் போட்டியில் கால்பந்துத் தங்கம் நமக்கு இன்றுவரை இல்லை.

இங்கேதான் என் கருத்துக்கு வருகிறேன். கல்லூரி அணி என்பது மூன்று வருடத்தில் அடியோடு மாறிவிடுகிற அணி. முதல் வருடம் பையனுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் வருடம் தேறுவான். மூன்றாம் வருடம் பிரமாதமாக ஆடுவான், அதற்குள் போய்விடுவான். மாறாமல் இருக்க வேண்டிய ஒரே ஆள் பயிற்சி கொடுப்பவர்தான். முதல் வருடப் பையனுக்கு மூன்றாம் வருடப் பையன் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் ஒரு கல்லூரியில் வேர்பிடிக்க, ஒரே வாத்தியார் குறைந்தது எட்டு வருடம் இருக்க வேண்டும். நம் அரசுக் கல்லூரிகளில் அத்தனை வருடம் தொடர்ந்து நின்றவர்கள் எத்தனை பேர்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

"ஒரே ஆள் நாற்காலியில் ஒட்டிக்கொண்டால் கெட்டுப்போக மாட்டாரா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேண்டியவன், வேண்டாதவன் என்று பார்க்கிற பயிற்சியாளர்களை நானும் பார்த்திருக்கிறேன். ரஹீம் கதையிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. அவர் போனதும் அந்த உயரம் போய்விட்டது. அதனால் நீண்ட காலம் கொடுப்பது மட்டும் போதாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கணக்குக் கேளுங்கள். எத்தனை கோப்பை என்று கேட்க வேண்டாம். எத்தனை புதுப் பையன்கள், பெண்கள் பந்தைத் தொட்டார்கள், கூட ஒரு இளையவரைப் பழக்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். சரியாகச் செய்பவரை அவரே கேட்டாலும் பாதியில் அனுப்பாதீர்கள். எனக்கு அன்று அப்படி ஒருவர் "முடியாதுய்யா, டீமை முடிச்சிட்டுப் போ" என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். இன்று கும்பிடுவேன்.

சேலம் பேருந்து வந்துவிட்டது. ஏறும்போது கேட்டேன், வீட்டில் யாராவது விளையாடுகிறார்களா என்று.

"கடைசிப் பொண்ணு காலேஜ்ல ஃபுட்பால் ஆடுது சார். இந்த வருஷம் புதுசா ஒரு மேடம் வந்திருக்காங்க. காலையில ஆறு மணிக்கே கிரவுண்டுக்கு வந்துடறாங்களாம்."

"நல்லதாப் போச்சுப்பா."

"நல்லதுதான் சார். எத்தனை நாளைக்கு இருப்பாங்களோ!"