பழைய வழி அடைபடும்போது



சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்வோர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமீது ஏறுகின்றனர். மழைக்காலத்தில் மண் சரிந்து அச்சாலை அடைபடும்போது, குப்பனூர் வழியாகச் சுற்றிச் செல்லுமாறு வண்டிகள் திருப்பி விடப்படுவதுண்டு. வழியை அடைப்பது பயணிகளின் உயிரைக் காப்பதற்கே. ஆயினும், செய்தி அறியாமல் அடிவாரத்தில் கைக்குழந்தையுடன் காத்து நிற்கும் தாய்க்கு மாற்று வழியைச் சொல்ல ஒருவர் வேண்டுமன்றோ?

இணையத்திலும் இவ்வாறே பழைய வழிகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டு வருகின்றன. அவை குறித்து நம் இல்லங்களில் அறிந்திருக்க வேண்டியவற்றை இம்மாதம் காண்போம்.

இரு முஸ்லிம்கள் சந்தித்தால் ஒருவர் ஸலாம் உரைக்கிறார், மற்றவர் பதில் உரைக்கிறார், முஸாபஹா செய்துகொள்கின்றனர், பின்னரே பேச்சுத் தொடங்குகிறது. இரு கணினிகள் பேசிக்கொள்வதற்கும் இத்தகைய ஒழுங்கு உண்டு. அதனை நெறிமுறை என்பர். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவி, தான் அறிந்த நெறிமுறையில் பேசும் கணினியுடன் மட்டுமே உரையாட இயலும்.

கோப்புகளை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும் எப்.டி.பி. என்னும் நெறிமுறை 1971ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் முதல் வடிவத்தை எழுதியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்கா சென்ற அபய் பூஷண் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 50 ஆண்டுகள் உழைத்த அந்நெறிமுறையைப் பயர்பாக்ஸ் உலாவி 2021 ஜூலையிலும், குரோம் உலாவி அதே ஆண்டு அக்டோபரிலும் முற்றிலும் நீக்கிவிட்டன. காரணம், அதில் கடவுச்சொல்கூட மறைப்பின்றி அஞ்சலட்டையைப் போலச் செல்லும். இடையில் இருப்பவர் எவரும் படித்துவிடலாம்.

வங்கிக் கணக்கு போன்ற மறைபொருட்களைக் காக்கும் டி.எல்.எஸ். நெறிமுறையும் இதற்கு விலக்கன்று. 1999இல் வந்த அதன் 1.0 பதிப்பும், 2006இல் வந்த 1.1 பதிப்பும் பலவீனமானவை என்று கண்டு, 2020இல் அவற்றைக் கைவிடுவதாக ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட், மொசில்லா ஆகிய நான்கும் 2018 அக்டோபரில் ஒருசேர அறிவித்தன. அவ்வாறே 2020 மார்ச்சில் பயர்பாக்ஸ் அவ்வழியை அடைத்தது. அப்பொழுது கொரோனா உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. நோய் பற்றிய செய்திகளைத் தந்த அரசுத் தளங்கள் சில பழைய நெறிமுறையிலேயே இருந்தன. மக்கள் அச்செய்திகளை இழந்துவிடலாகாது எனக் கருதி, அடைத்த வழியை மீண்டும் திறந்தனர். ஜூன் இறுதியில்தான் மறுபடியும் அடைத்தனர்.

அடைத்ததும் நன்மைக்கே, காத்திருந்ததும் நன்மைக்கே. தொழ வைப்பவர் தமக்குப் பின்னால் பலவீனரும் நோயாளியும் முதியவரும் நிற்பதை எண்ணித் தொழுகையை இலேசாக்கிட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. வணக்கத்திலேயே பின்னால் நிற்பவரை நினைக்கச் சொன்ன மார்க்கம், உலகக் காரியங்களில் அவரை மறந்துவிடச் சொல்லுமா?

இனி நம் இல்லங்களைப் பார்ப்போம். பிள்ளைகள் புதிய கைபேசி வாங்கியதும் பழையது பெற்றோர் கைக்கு வந்து சேர்கிறது. ஆகவே, வழி அடைபடும்போது முதலில் தடைபட்டு நிற்பவர்கள் முதியவர்களே. ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பில் இயங்கும் கைபேசிகளுக்கு வாட்ஸ்அப் தன் சேவையை 2025 ஜனவரி முதல் நிறுத்திக்கொண்டது. வளைகுடாவில் உழைக்கும் மகனின் குரலை அதன் வழியாகவே கேட்டுவந்த தாய்க்கு இதை யார் விளக்குவது? ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்து சேலத்திற்கு இறங்கி ஏறினால் ஒரு பகல் கழிந்துவிடும். அந்த அலைச்சலைத் தவிர்ப்பதற்கே கைபேசி. அதுவும் திறக்கவில்லையெனில் மலையில் வாழ்வோருக்கு இழப்பு இருமடங்கு.

எனவே இளைஞர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் பெற்றோரின் கைபேசியைக் கையில் எடுங்கள். புதுப்பிக்க இயலுமாயின் புதுப்பியுங்கள். இயலாதெனில், அதிலுள்ள படங்களையும் குரல் பதிவுகளையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிட்டு, தக்கதொரு கைபேசியை வாங்கிக் கொடுங்கள். பாதுகாப்பில்லை என உலாவி எச்சரிக்கும் பக்கத்தில் கடவுச்சொல்லை இடவேண்டாம் என்று கற்றுக்கொடுங்கள். பிள்ளைகள் அருகில் இல்லாத முதியவர்களுக்கு, ஜுமுஆ முடிந்தபின் ஒரு மணி நேரம் பள்ளிவாசல் வளாகத்தில் அமர்ந்து உதவிட ஜமாஅத்தினர் ஏற்பாடு செய்யலாம். அறிமுகமற்ற எவரிடமும் கைபேசியை ஒப்படைப்பதைவிட அது ஆயிரம் மடங்கு நலம்.

முன்னே செல்பவர்கள் பின்னே வருபவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் நற்குணத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.