டின்னைத் திருப்பிப் பாருங்கள்!



சென்ற வாரம் குளுவாங் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவருக்குப் பத்து ஆண்டுகளாக இனிப்புநீர். வந்ததும் வராததுமாகத் தேநீர் கலக்கி என்னிடம் நீட்டினார்.

"எனக்குக் கலக்கும்போது சீனியே போடுவதில்லை, கண்ணு. வெறும் பால்டின் மட்டுந்தான்" என்றார் பெருமையாக.

நான் டின்னை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் பளபளவென்று பால் வழியும் படம். திருப்பினேன். 'கிரிமர் மானிஸ்' என்று போட்டிருந்தது. உள்ளே இருப்பவற்றின் பட்டியலில் முதல் பெயரே 'கூலா', அதாவது சீனி! அடுத்து 'மின்யாக் சாவிட்', செம்பனை எண்ணெய். பால் என்ற சொல் அதற்கும் பின்னால்தான்.

பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது. "படத்தைப் பார்த்துத்தானே வாங்குகிறேன்? எனக்கு என்ன படிக்கத் தெரியும்?" என்றார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். குற்றம் அவருடையதா, சொல்லுங்கள்?

டின் படத்தை நம்பி ஏமாந்தது அவர் மட்டுமல்ல. அந்தக் காலத்தில் இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தைகளுக்கு ஏற்ற உணவென்று விளம்பரம் செய்தார்கள். அதை நம்பித் தாய்ப்பாலை விட்ட தாய்மார்கள் பலர். சிங்கப்பூரில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், 1939-ஆம் ஆண்டு அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் இதைக் கண்டித்துப் பேசினார். பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு என்ன தெரியுமா? 'பாலும் கொலையும்'!

இன்று நமக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிகளின்படி, எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதன் பெயரைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும். ஆகவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். பெட்டியிலும் போத்தலிலும் வரும் பானமென்றால் 'ஜும்லா கூலா' என்ற வரியைத் தேடுங்கள். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் என்று இருந்தால், 250 மில்லிலிட்டர் பெட்டியில் 25 கிராம் சீனி. ஐந்தாறு தேக்கரண்டி! பிள்ளைக்கு நம் கையால் அவ்வளவு சீனி அள்ளிப் போடுவோமா?

ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்திருப்பார்கள். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தார்கள். சீனி மிகுந்த பானம் 'டி' என்ற எழுத்தை முன்பக்கமே சுமக்க வேண்டும். அதற்கு விளம்பரமும் செய்யக்கூடாது. அந்தத் திட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததுமே, 'டி' வாங்க வெட்கப்பட்டுக் கம்பெனிகள் சீனியைக் குறைக்கத் தொடங்கிவிட்டன. அங்கு விற்கும் பானங்களின் இடைநிலைச் சீனி அளவு 2017-இல் 7.1 விழுக்காடு, 2023-இல் அது 4.6 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. ஓர் எழுத்து வாங்குபவரை மட்டுமா மாற்றியது? செய்பவரையும் அல்லவா மாற்றியது!

நம் நாட்டில் 2019-இல் நடந்த சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று தெரியவந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஆகவே இது அடுத்த வீட்டுக் கதை அல்ல.

எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு சின்ன வேலை கொடுங்கள். கடைக்குப் போகும்போது பாட்டியையும் அழைத்துப் போகட்டும். டின்னைத் திருப்பி, முதல் மூன்று பெயர்களைத் தமிழில் சொல்லட்டும். பள்ளிக்கூடத்தில் படித்த மலாய் பாட்டிக்கும் பயன்படட்டுமே!

பெரியம்மா இப்போது 'தே ஓ' குடிக்கிறார், சீனி இல்லாமல். "கசக்கிறதடி" என்று தொலைபேசியில் முணுமுணுத்தார். "பழகிவிடும் பெரியம்மா" என்றேன்.

உங்கள் அடுக்களையில் இருக்கும் டின் என்ன சொல்கிறது? இப்போதே போய்த் திருப்பிப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.