ஒலிவாங்கி வாங்குமுன் சில சொற்கள்

நாட்டார் பாடல்களைக் கணினியில் பதிந்து வைக்க விரும்பும் நண்பர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "குறைந்த செலவில் எந்தக் கருவியை வாங்கலாம்?" தமிழ் இலக்கியம் கற்பிக்கும் எங்களுக்கு இதற்கு விடைகூறும் தகுதி உண்டா என்று சிலர் ஐயுறலாம். எங்கள் தகுதி ஒன்றே ஒன்றுதான். பொருந்தாத கருவியை வாங்கி, அதைப் பொருந்தாத இடத்தில் வைத்து, மீண்டும் கிடைக்காத ஒரு குரலை இழந்தவர்கள் நாங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் துறை ஆசிரியர் மூவரும் மாணவர் சிலரும் பணம் சேர்த்துக் கண்டென்சர் ஒலிவாங்கி ஒன்றை வாங்கினோம். ஸ்டூடியோக்களில் பயன்படும் வகை என்பதே அதன்மேல் எங்களுக்கிருந்த மதிப்பு. தஞ்சைப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் நடவுப் பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் பெயர்பெற்ற மூதாட்டியைத் தேடிச் சென்றோம். கூடத்தின் நடுவே ஒலிவாங்கியை நிறுத்தி, அவரைச் சுவரோரம் அமர்த்தினோம். இரண்டு மணி நேரம் பாடினார். "நல்லா விழுந்திருக்கா தம்பி?" என்று கேட்டார். "நல்லா விழுந்திருக்கு ஆத்தா" என்றோம்.

ஊர் திரும்பிக் கேட்டபோதுதான் உண்மை விளங்கியது. மின்விசிறியின் இரைச்சல், வெளியே பம்புசெட்டின் ஓசை, கணினியின் சார்ஜர் வழியே புகுந்த முனகல். இவற்றுக்கெல்லாம் அப்பால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அவர் குரல். சொற்களில் பாதி பிடிபடவில்லை. அறுவடை முடிந்தபின் மறுபடியும் போகலாம் என்றிருந்தோம். அதற்குள் அவர் மறைந்துவிட்டார்.

இதை இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நா. வானமாமலை போன்றோரின் உழைப்பால் நாட்டார் பாடல்கள் அச்சேறின, சொற்கள் பிழைத்தன. ஆனால் மெட்டும், இழுவையும், மூச்சு வாங்கும் இடமும் அச்சில் ஏறுவதில்லை. அவற்றைக் காக்க வல்லது ஒலிப்பதிவே. இசையறிஞர் அர்னால்டு பாகே 1938-இல் தென்னிந்தியாவில் பதிந்த ஒலிகளை எடுத்துக்கொண்டு, நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் 1984-இல் அவர் சென்ற இடங்களைத் தேடிச் சென்று, இடைக்காலத்து மாற்றங்களை ஆராய்ந்தனர். கேட்கத்தக்க பதிவு இருந்ததால்தான் அது இயன்றது.

இந்தத் துறையில் இரு கட்சிகள் உள்ளன. ஸ்டூடியோத் தரம் இல்லையெனில் பதியவே கூடாது என்பது ஒன்று. கைபேசி போதும் என்பது மற்றொன்று. இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. முதல் கட்சியின் பேச்சைக் கேட்டு நிதிக்குக் காத்திருந்தால், பாடுவோர் காத்திருக்க மாட்டார்கள். இரண்டாம் கட்சி ஒன்றை மறந்துவிடுகிறது: குரல்செய்தியாக அனுப்பும் பதிவு சுருக்கப்படுகிறது, பல கைபேசிகள் இரைச்சல் என்று தாம் கருதுவதைத் தாமே நீக்கவும் முயல்கின்றன. ஒப்பாரியின் விம்மல் அதில் தப்புமென்பதற்கு உறுதியில்லை. வேறு கருவியே இல்லாதபோது கைபேசியில் பதிவது பதியாமலிருப்பதைவிட மேல், அவ்வளவே.

எங்கள் கருத்து இதுதான்: விலையைவிடத் தூரமே முக்கியம். பாடுபவருக்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலுள்ள தூரம் இருமடங்கானால், நேராக வந்து சேரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. அறையின் எதிரொலியோ அதே அளவில் நிற்கிறது. கண்டென்சர் நுண்மையாகக் கேட்கும். ஆகவே அமைதியான அறையில் அது வரம், ஓட்டுவீட்டுக் கூடத்தில் சாபம். மேடைகளில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் வகை அவ்வளவு நுண்மையாகக் கேட்காது. அந்தக் குறையே நமக்கு நிறை. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால் குரல் முன்னே நிற்கும், பம்புசெட் பின்னே போகும்.

தனிக்குரலைப் பதிய, யு.எஸ்.பி. வழியே நேராகக் கணினியில் இணையும் டைனமிக் ஒலிவாங்கி ஒன்று போதும். முன்பாட்டும் பின்பாட்டுமாகப் பாடுவோரைப் பதிய வேண்டுமெனில், இரண்டு ஒலிவாங்கிகளும் அவற்றை ஏற்கும் இருவழி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் தேவை. ஒலிவாங்கியின் மின்னலையைக் கணினிக்குரிய எண்களாக மாற்றும் சிறு பெட்டி அது. மென்பொருளுக்குச் செலவே இல்லை. 2000-இல் வெளிவந்த ஆடாசிட்டி இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது.

மிச்சப்படும் பணத்தில் இரண்டு பொருள்களை வாங்க வேண்டும். ஒன்று, காதை முழுதும் மூடும் ஹெட்போன். பாடும்போதே அதை அணிந்து கேட்டிருந்தால் எங்கள் பிழை முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். விசிறியை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, ஒலிவாங்கியை அருகில் நகர்த்தியிருப்போம். மற்றொன்று, இன்னொரு வன்தட்டு. ஒலி ஆவணக் காப்பகத்தார் பரிந்துரைக்கும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வேவ் கோப்பாகப் பதிந்தால், ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 520 மெகாபைட் ஆகும். ஒரு டெராபைட் வன்தட்டில் 1,900 மணி நேரம் அடங்கும். மூலக் கோப்பைத் திருத்தாமல் இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். பாடியவர் பெயர், ஊர், நாள், அவர் அளித்த இசைவு ஆகியவற்றையும் உடன் எழுதி வைக்க வேண்டும். இவை இல்லாத பதிவு நாளை வெறும் ஓசையாகிவிடும்.

அந்த இரண்டு மணி நேரப் பதிவை நாங்கள் அழிக்கவில்லை. ஒவ்வோராண்டும் புதிய மாணவர்களுக்கு அதில் ஐந்து நிமிடம் போட்டுக் காட்டுகிறோம். "நல்லா விழுந்திருக்கா தம்பி?" என்ற கேள்வி மட்டும் அதில் தெளிவாகக் கேட்கிறது, அதைக் கேட்கத்தான் அவர் ஒலிவாங்கியின் அருகே வந்தார்.