வரிசையை ஸ்கேன் அறிக்கை தீர்மானிக்கட்டும்

கல்லீரலில் கட்டி இருக்கக்கூடும் என்ற ஐயத்தோடு எடுக்கப்படும் சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேனிடம் மருத்துவம் நெடுங்காலம் கேட்டுவந்தது, அது புற்றுநோயா, அல்லவா என்ற ஒரே கேள்வியைத்தான். அண்மை ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள், அதே படங்களைக் கொண்டே அந்தப் புற்று மெல்ல வளரும் வகையா, விரைந்து பரவி அறுவைக்குப் பின்னும் மீண்டும் முளைக்கும் மூர்க்கமான வகையா என்பதையும் ஓரளவுக்கு நம்பகமாக ஊகிக்கலாம் என்று காட்டியுள்ளன. மலேசியாவின் பேராக் மாநிலத்து அரசாங்க மருத்துவமனைகளில் கல்லீரல் புற்று நோயாளிக்கு அடுத்த சோதனைக்கும் சிகிச்சைக்கும் நாள் குறிக்கும்போது, பெயர் பதிந்த தேதியைவிட இந்த அடையாளங்களுக்கே முதலிடம் தரப்பட வேண்டும் என்பதும், அதற்கான நெறிமுறையைச் சுகாதார அமைச்சு தாமதமின்றி வகுக்க வேண்டும் என்பதும் இத்தலையங்கத்தின் நிலைப்பாடு.

படங்கள் இதை எப்படிச் சொல்கின்றன என்பது கல்லீரலின் குருதி ஓட்டத்தில் அடங்கியிருக்கிறது. நலமான கல்லீரல் தனக்கு வேண்டிய குருதியில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் குடலிலிருந்து வரும் வாயிற்சிரை வழியாகவும், மீதியைக் கல்லீரல் தமனி வழியாகவும் பெறுகிறது. கல்லீரல் உயிரணுவிலேயே தோன்றும் புற்றோ, வளர வளர வாயிற்சிரையைக் கைவிட்டுத் தமனியை நம்பியே வாழத் தொடங்குகிறது. எனவே கையிலுள்ள சிரையில் கான்ட்ராஸ்ட் எனப்படும் படத்தைத் துலக்கும் மருந்தைச் செலுத்தி, அது தமனியை நிரப்பும் முதல் அரை நிமிடத்தை ஒட்டி ஒரு படமும், வாயிற்சிரை நிரம்பும் ஒரு நிமிடத்துக்குப் பிறகு இன்னொன்றும், சில நிமிடங்கள் கழித்து மற்றொன்றும் எடுத்தால், கட்டி முதலில் தன்னைச் சுற்றியுள்ள பகுதியைவிடப் பளிச்சென்று ஒளிர்ந்து பின்னர் அதைவிட மங்கிப்போவதைக் காணலாம். சிரோசிஸ் எனப்படும், கல்லீரல் தழும்பேறி இறுகிப்போன நிலையில் உள்ளவரிடம், போதிய அளவுள்ள கட்டியில் இந்த ஒளிர்வும் மங்கலும் சேர்ந்து தெரிந்தால், ஊசி குத்தித் திசு எடுக்காமலேயே புற்று என்று உறுதிசெய்யலாம். அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2011-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய லை-ராட்ஸ் என்னும் வகைப்பாடு, இவ்வடையாளங்களைப் படிநிலைகளாக்கி, ஐந்தாம் படியை உறுதியான புற்றாகக் கொள்கிறது.

ஊசியில்லாமல் நோயை உறுதிசெய்யும் இந்தச் சலுகை மற்றப் பெரும்பாலான புற்றுகளுக்குக் கிடைக்காத ஒன்று. ஆனால் திசு எடுக்கப்படாததால், நுண்ணோக்கியின் கீழ் மட்டுமே தெரியும் உள்வகை சிகிச்சை தொடங்கும் வேளையில் யாருக்கும் தெரியாமலே போகிறது. இன்றைய ஆராய்ச்சி நிரப்ப முயலும் இடைவெளி இதுதான். நலமான கல்லீரலில் உயிரணுக்கள் ஓரிரு அடுக்குத் தடிமன் கொண்ட தட்டுகளாக அமைந்திருக்க, சில புற்றுகளில் அத்தட்டுகள் ஆறு உயிரணுக்களுக்கும் மேல் தடித்துக் கட்டியின் பாதிக்கு மேற்பட்ட பரப்பை அடைத்திருப்பதை பிரெஞ்சு நோய்க்குறியியல் வல்லுநர்கள் 2018-இல் தனி வகையாக விவரித்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வகைப்பாடும் அதை ஏற்றுக்கொண்டது. இந்தத் தடித்த தட்டு வகை நாளங்களுக்குள் ஊடுருவுவதும், கட்டியை அகற்றிய பிறகு விரைவில் திரும்புவதும் மற்றவற்றைவிட அதிகம். அது தன் குருதி வரத்தை மிஞ்சி வளர்வதால், நடுப்பகுதி பட்டினியில் அழிந்துபோகிறது என்று கருதப்படுகிறது. அப்படி அழிந்த திசு கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்காமல் படத்தில் கறுத்துக் கிடக்கும். பாரிசை அடுத்த கிரெத்தேய் நகர ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட எம்ஆர்ஐ ஆய்வில், இவ்வகைக் கட்டிகளில் 65 விழுக்காட்டை இத்தகைய பெருத்த அழிவு காட்டிக்கொடுத்தது. மற்ற வகைக் கட்டிகளில் 93 விழுக்காட்டில் அந்த அடையாளம் இல்லை.

அதே ஆண்டில் தென்கொரிய ஆய்வாளர்களும், தமனிக் கட்டத்தில் ஒளிராத பகுதி கட்டியின் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ பிடித்திருப்பது இவ்வகையைச் சுட்டுவதைக் கண்டார்கள். கட்டியின் விளிம்பு வழவழப்பாக இல்லாமல் பிசிறுபட்டிருப்பது, நடுவை விட்டு ஓரம் மட்டும் வளையமாக ஒளிர்வது, கட்டிக்கு வெளியே உள்ள கல்லீரல் பகுதியும் சேர்ந்து ஒளிர்வது ஆகியவையும் எச்சரிக்கைகளே. கல்லீரல் உயிரணுக்கள் உறிஞ்சிப் பித்தநீரில் வெளியேற்றும் தனி வகைக் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி இருபது நிமிடங்கள் காத்திருந்து எடுக்கும் படத்தில், கட்டியைச் சூழ்ந்து கறுத்த வளையம் தெரிந்தால், கண்ணுக்குப் புலப்படாத சிறு நாளங்களுக்குள் புற்று ஏற்கெனவே நுழைந்திருக்கலாம். இவற்றைத் தேடப் புதிய இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; நோயை உறுதிசெய்ய எப்படியும் எடுக்கப்படும் படங்களிலேயே இவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன, கேட்கப்படுவது அவற்றைத் தேடிப் பார்த்து எழுதி வைக்கும் ஒழுங்கு மட்டுமே.

இதற்கு எழும் வலுவான மறுப்பு, இவ்வடையாளங்கள் தவறக்கூடும் என்பது. மறுப்பு உண்மையானது; கிரெத்தேய் ஆய்வின் எண்களைக் கொண்டே அதை அளந்து பார்க்கலாம். அந்த ஆய்வில் தடித்த தட்டு வகை ஏறக்குறைய 17 விழுக்காடு. அதே விகிதத்தில் நூறு கட்டிகளை எடுத்துக்கொண்டால், 17 மூர்க்கமான கட்டிகளில் 11 பிடிபடும், 6 நழுவும். மீதி 83-இல் 6 வீணாகச் சந்தேகத்துக்கு உள்ளாகும். அதாவது இந்த அடையாளத்தால் சிவப்புக் குறியிடப்படும் 11-உம் 6-உம் சேர்ந்த 17 பேரில் மூவரில் ஒருவருக்குக் குறி பிழையாக விழுந்திருக்கும். இந்தக் குறியை வைத்து ஒருவருக்கு அறுவை கிடையாது, மாற்றுக் கல்லீரல் கிடையாது என்று கதவை அடைப்பது கொடுமையாகும். எந்த நெறிமுறையும் அதை வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டும், சிகிச்சை முறையே குறியால் மாறும் நிலை வந்தால் திசுச் சோதனை செய்தே தீர வேண்டும். ஆனால் குறியின் பயன் வரிசையில் முன்னே கொண்டுவருவது மட்டும் என்றால் கணக்கு மாறிவிடுகிறது: பிழையாகக் குறியிடப்பட்டவருக்கு நேரும் கேடு, சில வாரங்கள் முன்னதாகவே மருத்துவரைக் காண்பது, மூர்க்கமான கட்டி இருந்தும் குறியிடப்படாத நோயாளிக்கோ இன்றுள்ள நிலையைவிடப் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. முன்னே வருபவர்களால் மற்றவர்கள் சற்றுப் பின்தள்ளப்படுவார்கள் என்பது மெய்தான், எனினும் மெல்ல வளரும் கட்டி பொறுத்துக்கொள்ளும் சில வாரங்களை விரைந்து வளரும் கட்டி பொறுக்காது.

இந்த வாதம் பேராக்கின் மஞ்சோங் மாவட்டத்தில் ஏன் கூடுதல் கனம் பெறுகிறது என்பதற்குத் தொலைவு ஒரு காரணம். அம்மாவட்டத்து ஆயர் தாவாரில் வாழும் ஒருவர் சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கி, ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனை, ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை என்று படியேறி, கல்லீரல் அறுவைக்கான தேசிய மையமாக விளங்கும் செலாயாங் மருத்துவமனை வரை, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு கடிதம், ஒரு சந்திப்பு நாள், ஒரு காத்திருப்பு. கட்டணம் வெள்ளிக் கணக்கில் சிறிதாக இருப்பது அரசாங்க மருத்துவத்தின் பெருமை. ஆனால் கூலி நாளை இழந்து, மகனோ மருமகனோ விடுப்பு எடுத்துக் காரில் அழைத்துப் போகும் செலவு அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிக் குடும்பங்கள் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தபோது, குறைகள் பல இருந்தாலும் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி அறிந்திருந்த டிரஸ்ஸர் எனப்பட்ட தோட்டத்து மருத்துவ உதவியாளரும் இல்லாமல் போனார். அவர் செய்த விடாத பின்தொடர்தலை இன்று எவரும் அதே அளவில் செய்வதில்லை.

நோயின் வேர்களும் இங்கே சற்று வேறுபடுகின்றன. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட சிரோசிஸ் ஆய்வில், சீன, மலாய் நோயாளிகளிடம் ஹெப்படைட்டிஸ் பி கிருமி முதன்மைக் காரணமாக இருக்க, இந்தியர்களிடம் மது முன்னே நின்றது. சம்சு என்னும் மலிவுச் சாராயத்தின் கதை தோட்டப்புறத்துக்குப் புதிதல்ல. ஆயினும் கல்லீரல் நோய் என்றாலே குடிகாரன் என்று முத்திரை குத்தும் சமூகப் பழக்கம், ஒரு சொட்டும் குடித்தறியாத பெண்களையும் முதியவர்களையும் சோதனையிலிருந்து விலக்கி வைக்கிறது என்பதால் அதைக் கைவிட்டாக வேண்டும். தேசியச் சுகாதார ஆய்வின்படி 2019-இல் இந்நாட்டு இந்தியர்களில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனிப்பு நீரும் உடற்பருமனும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்து, சிலரிடம் சிரோசிஸ் ஏற்படுவதற்கு முன்பே புற்றையும் உண்டாக்குகின்றன. பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989-இல்தான் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள், அதாவது தோட்டங்களில் வளர்ந்த கடைசித் தலைமுறையினரில் பெரும்பகுதியினர், அந்தக் காப்பு இல்லாமல் நடுவயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

இவர்களில் சிரோசிஸ் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்ய வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. அந்தச் சோதனை தனித்து நின்றால் தொடக்க நிலைக் கட்டிகளில் 45 விழுக்காட்டையே கண்டுபிடிக்கிறது என்றும், ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்னும் குருதிச் சோதனையும் சேர்ந்தால் 63 விழுக்காடாகிறது என்றும் 2018-இல் வெளிவந்த தொகுப்பாய்வு கூறுகிறது. கொழுப்பேறிய கல்லீரலில் ஒலியலை ஆழமாக ஊடுருவாததால் படம் மேலும் மங்கும். ஆகவே கிளினிக்குகளில் இரண்டையும் சேர்த்தே செய்வது அடிப்படைத் தேவை. மூர்க்கத்தின் அடையாளம் பற்றிய பேச்செல்லாம் கட்டி முதலில் கண்ணில் பட்ட பிறகுதான் தொடங்குகிறது.

செயற்கை நுண்ணறிவு வந்து இந்தப் படங்களையெல்லாம் தானே படித்துவிடும், அதுவரை பொறுக்கலாம் என்ற குரலும் கேட்கிறது. கட்டியின் சாயல்களை ஆயிரக்கணக்கான எண்களாக்கிக் கணிக்கும் மென்பொருள்கள் ஆய்விதழ்களில் பெருகிவருவது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சீனா, தென்கொரியா போன்ற, ஹெப்படைட்டிஸ் பி மிகுந்த நாடுகளின் நோயாளிகளைக் கொண்டு பயிற்றப்பட்டவை. மதுவாலும் கொழுப்பாலும் கெட்ட கல்லீரலில் அவை அதே திறத்தோடு செயல்படும் என்று முன்கூட்டியே நம்பிவிட முடியாது. அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவரின் கண் இன்றைக்கே கிடைக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் அத்தகையவர் இல்லாத நாள்களில் படங்களை ஈப்போவுக்கு அனுப்பிப் படிக்கச் செய்வதும் இயலாத காரியம் அல்ல.

ஆகவே அமைச்சிடம் கேட்கப்படுவது பெரிய நிதி ஒதுக்கீடு அல்ல. கல்லீரல் ஸ்கேன் அறிக்கை ஒவ்வொன்றும் லை-ராட்ஸ் படிநிலையோடு, கட்டிக்குள் அழிந்த பகுதி, விளிம்பின் தன்மை, வளைய ஒளிர்வு, நாள ஊடுருவல் ஆகிய நான்கையும் பற்றி உண்டு அல்லது இல்லை என்று கட்டாயம் குறிப்பிட வேண்டும். உண்டு என்று எழுதப்பட்ட அறிக்கை, வழக்கமான கடிதப் போக்குவரத்துக்குக் காத்திராமல், அறுவை, கல்லீரல், கதிரியக்கம், புற்றுநோய் மருத்துவர்கள் ஒன்றுகூடும் குழுவின் அடுத்த கூட்டத்துக்கே போய்ச் சேர வேண்டும். நோயாளிக்கு அதன் பொருள் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். அறுவை செய்யப்பட்ட கட்டிகள் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போகும்போது, அங்கே கிடைக்கும் உள்வகை முடிவை ஸ்கேன் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பதிந்துவைத்தால், சில ஆண்டுகளில் இவ்வடையாளங்கள் பேராக் நோயாளிகளிடம் எத்தனை முறை சரியாயின, எத்தனை முறை தவறின என்ற கணக்கு இம்மாநிலத்துக்கே சொந்தமாகக் கிடைக்கும். நெறிமுறையைத் தொடர்வதா, திருத்துவதா, கைவிடுவதா என்பதைப் பிரான்சின் எண்களைக் கொண்டல்லாமல் அந்தக் கணக்கைக் கொண்டே அமைச்சு முடிவு செய்யலாம்.