செலவுக் கணக்கில் வராத நோயாளிகள்

நான் வேலை செய்யும் பகுதியில் ஒரு அக்கா இருக்கிறார். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். காலில் புண் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிப் பலமுறை கெஞ்சினேன். "ஒரு நாள் லீவு போட்டா கூலி போச்சு. நாலு நாள் போட்டா வேலையே போச்சு தம்பி" என்றார். கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சைச் செலவு காப்பீட்டில் போனது. அன்றைக்குத்தான் அவர் ஒரு செலவுக் கணக்கில் பெரிய தொகையாக ஏறினார். அதற்கு முந்தைய எட்டு வருடமும் அந்தக் கணக்கில் அவர் இல்லவே இல்லை.

மருத்துவக் கொள்கை பேசுகிறவர்கள் 'அதிகத் தேவை, அதிகச் செலவு நோயாளிகள்' என்று ஒரு பிரிவைச் சொல்வார்கள். பல நோய்கள் ஒன்றுசேர்ந்து, திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்கிறவர்கள். அமெரிக்காவில் மக்கள்தொகையில் 5 சதவீதம் பேருக்கே மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ பாதி போகிறது. இவர்களை எப்படிக் கவனித்தால் செலவு குறையும், உடல்நிலையும் தேறும் என்பது பல அரசுகளின் கேள்வி.

2021இல் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் உள்ளிட்ட 11 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வுகள் வெளியாயின. நாட்டின் சராசரியை விட்டுவிட்டு, ஒரே மாதிரி நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். இடுப்பெலும்பு முறிந்த தளர்ந்த முதியவர் ஒரு வகை. இதயச் செயலிழப்பும் சர்க்கரையும் சேர்ந்த முதியவர் இன்னொரு வகை. மருத்துவமனைப் படுக்கைக்கு எவ்வளவு, மறுவாழ்வுச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று இதில் பிரித்துப் பார்க்கலாம். நல்ல முறைதான், படியுங்கள்.

ஆனால் சமூகவியல் படித்தவர்கள் ஒன்றைக் கேட்க வேண்டும்: இந்த ஒப்பீட்டுக்குள் வருகிறவர் யார்? மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர். வழியிலேயே நின்றுபோனவர் எந்த நாட்டின் பட்டியலிலும் இல்லை. அந்த 11 நாடுகளும் பணக்கார நாடுகள். இதே அளவுகோலை அப்படியே நம் நாட்டுக்குக் கொண்டுவந்தால், செலவு செய்ய முடியாதவர்களை நோயில்லாதவர்கள் என்று எழுதிவிடுவோம்.

இது என் கற்பனை பயம் இல்லை. அமெரிக்காவிலேயே நடந்தது. யாருக்குக் கூடுதல் கவனிப்புத் தரலாம் என்று தேர்ந்தெடுக்க அங்குள்ள மருத்துவமனைகள் ஒரு மென்பொருளைப் பயன்படுத்தின. அதில் நிறவெறி இருக்கக் கூடாது என்று இனத்தையே கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்து எவ்வளவு செலவாகும் என்பதை மட்டும் கணித்து, அதையே தேவையின் அளவாக எடுத்துக்கொண்டது. 2019இல் ஸியாத் ஒபர்மையரும் உடன் ஆய்வாளர்களும் அதைச் சோதித்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில், கறுப்பின நோயாளியே அதிக நோயோடு இருந்தார். கறுப்பின மக்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை குறைவு, அதனால் செலவும் குறைவு. குறைந்த செலவை மென்பொருள் நல்ல உடல்நிலை என்று வாசித்தது. இந்தக் குறையைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புப் பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டார்கள்.

"நாங்கள் சாதி பார்ப்பதில்லை, படிவத்தில் சாதியே இல்லை" என்று சொல்லும் ஒவ்வொரு அதிகாரிக்கும் இதுதான் பதில்.

இந்தியாவில் ஒன்பது மாநிலங்களின் தரவை வைத்து 2022இல் வந்த ஆய்வின்படி, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைவு. ஆதிவாசிகளுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் குறைவு. பொருளாதார வேறுபாட்டை மட்டும் வைத்து இந்த இடைவெளியை முழுதாக விளக்க முடியவில்லை. சீக்கிரம் சாகிறவர் 'அதிகச் செலவு முதியவர்' என்ற வரிசைக்கு வருவதே இல்லை.

ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தால்தான். புறநோயாளியாகப் பார்க்கும் செலவு அதில் வராது. போன கூலிக்கும் பணம் வராது. கால் போவதற்குக் காசு உண்டு, கால் போகாமல் இருப்பதற்கு இல்லை. 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வருகிறது. திசை சரி. ஆனால் விடியுமுன் வேலைக்குப் போகிற அக்காவின் வீட்டுக் கதவை எத்தனை மணிக்குத் தட்டுகிறார்கள்?

ஓ.பி. சீட்டில் சாதியை எழுதச் சொல்லவில்லை. அது இன்னொரு அவமானமாகத்தான் முடியும். வீடு வாரியான கணக்கெடுப்பில் கேட்கலாம். இதை நாமே தொடங்கலாம். உங்கள் ஒன்றியத்தில் எந்தத் தெருவுக்கு மாத்திரை போகிறது, எந்தக் காலனிக்குப் போகவில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உள்ளாட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரைப் பரிசோதனை நடந்தது, அதற்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டா என்று கேளுங்கள். ஆய்வேடு எழுதும் மாணவர்கள், மருத்துவமனையில் கேள்வித்தாள் நிரப்புவதோடு நிறுத்தாமல் காலனிக்கும் வாருங்கள்.

அக்கா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். அவர் பார்த்த வேலைக்கு மகள் போகிறாள். போன வாரம் அவளுக்கும் சர்க்கரை பார்க்கச் சொன்னேன். லீவு கிடைக்கவில்லை என்கிறாள்.