குடிக்கூலிக் கணக்கு

இங்கிலாந்தில் நகரசபையார் வாடகைக்கு விடும் வீடுகளுக்குக் குடிக்கூலி பெரும்பாலும் வாரக்கணக்கில் அமைவது. குடியிருப்போர் பெறும் சம்பளமோ பெரும்பாலும் மாதக்கணக்கில் வருவது. ஆகவே, ஒன்றை மற்றொன்றாக மாற்றியறிதல் அவர்க்கு இன்றியமையாததாகும். மேற்படிப்பின் பொருட்டு ஆங்குச் செல்லும் நம் கல்லூரி நண்பர்க்கும் இது பயன்படுமென நம்புகிறோம்.

மாதமொன்றுக்கு நான்கு வாரமெனக் கொள்ளுதல் பொருந்தாது. அவ்வாறு கொள்ளின் ஆண்டுக்கு 48 வாரங்களே ஆகும். உள்ளனவோ 52 வாரங்களும் ஒரு நாளும். வாரக்கூலி 150 பவுனாயின், அதனை 52ஆற் பெருக்கிப் 12ஆல் வகுக்க, மாதக்கூலி 650 பவுனாகும். நான்காற் பெருக்கி 600 பவுனே ஒதுக்குவோர், ஆண்டிறுதியில் 600 பவுன் கடன்பட்டு நிற்பர்.

இம்முறையும் முற்றும் குறையற்றதன்று. எஞ்சிய நாட்கள் திரண்டு, ஐந்தாறு ஆண்டுகட்கு ஒருமுறை 53ஆவது கூலிநாளாக வந்து நிற்கும். 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை 53 திங்கட்கிழமைகள் வந்தன. திங்கள்தோறும் கூலி செலுத்துவோர் அவ்வாண்டில் 53 முறை செலுத்த வேண்டியவராயினர். ஆயின், யுனிவர்சல் கிரெடிட் என்னும் அரசாங்க உதவித்தொகையோ வாரக்கூலியை 52ஆற் பெருக்கியே கணக்கிடப்படுவது. எஞ்சிய ஒரு வாரக்கூலியை ஏழைகள் தம் உணவுச் செலவைக் குறைத்தன்றோ கொடுத்தல் வேண்டும்?

நாட்காட்டியின் மிச்சத்தை எளியோர் தலையிற் சுமத்துதல் நீதியன்று என்பதே நம் கருத்து. அத்தகைய ஆண்டில் அரசாங்கத்தார் 53ஆற் பெருக்கி உதவுதல் வேண்டும். அன்றேல், வீட்டுக்குரியோர் அவ்வொரு வாரக்கூலியை விட்டுக்கொடுத்தல் வேண்டும். கணக்குச் செம்மையாயின் கடனும் குறையும்; கவலையும் குறையும்.